நேர்ந்துவிட்ட நாக்கு

1

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு குக்கர் நடந்து வரும். நம் ஊர்க் குக்கர் மாதிரி மூன்று விசிலோடு ஓய்ந்துவிடாது. தெருமுனையில் நுழைந்ததிலிருந்து மறுமுனையில் மறையும்வரை மூச்சுவிடாமல் ஒரே சுருதியில் கூவும்.

இந்தோனேசியாவில், பண்டுங் என்ற மலையூரில் நான் பிழைக்க வந்து ஒன்பது வருடமாகிறது. கொடைக்கானல் குளிரும் கிடையாது, வத்தலக்குண்டு வெயிலும் கிடையாது. மலைப்பாதையின் நடுவில் பஸ் நின்றுபோய், இறங்கியவர்கள் அங்கேயே ஊர் கட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அந்த நடமாடும் குக்கர் ஒரு தள்ளுவண்டி. அதில் விற்பது புட்டு. இவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். கட்டைவிரல் தடிமனுள்ள மூங்கில் குழலில் பச்சை நிற அரிசிமாவு, நடுவே ஒரு துண்டு பனைவெல்லம், கீழே ஆவி. வெந்ததும் வாழையிலையில் தள்ளி, மேலே தேங்காய்ப்பூவைத் தூவுவார்கள். கடித்தால் உள்ளே வெல்லம் உருகிக் காத்திருக்கும்.

இந்த விசில் சத்தத்தைக் கேட்டுத்தான் திண்டுக்கல்லில் இருக்கும் என் அம்மா, அறுபத்தாறு வயதில், பாஸ்போர்ட்டுக்கு மனுப்போட்டாள். வேளாங்கண்ணிக்கு அப்பால் பயணம் போகாதவள். வீட்டுச் சாவியை மாதா வந்து கேட்டாலும் கொடுக்காதவள். அப்பா போன பிறகு தனியாக இருந்தவள். எத்தனை முறை கூப்பிட்டும் வராதவள், ஒரு தள்ளுவண்டிக்காக மனம் இரங்கினாள். வந்து சேர்வாளா, கடைசி நேரத்தில் சாவியைக் காரணம் காட்டி நின்றுவிடுவாளா என்பதுதான் சில மாதங்கள் எங்கள் வீட்டில் ஒரே பேச்சாக இருந்தது.

அம்மாவுக்கும் அந்தப் புட்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டுமென்றால் என் நாக்கின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நாக்கு சின்னதுதான். வரலாறு கொஞ்சம் நீளம்.

2

அப்பா பஸ் கண்டக்டர். அவருக்கு எந்த ரூட்டில் டூட்டி என்பதை வீட்டுக்குள் வரும் வாசனையை வைத்தே நான் சொல்லிவிடுவேன். மணப்பாறை என்றால் முறுக்கு. பழனி என்றால் பஞ்சாமிர்தம். தெற்கே போய்வந்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ, சாத்தூர்க் காராச்சேவோ. காக்கிப் பையின் ஒரு அறையில் சில்லறை, இன்னொரு அறையில் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால் அதில் கொஞ்சம் டீசல் வாசனையும் சேர்ந்திருக்கும். டீசல் இல்லாத பால்கோவாவை நான் முதன்முதலில் தின்றபோது ஏதோ குறைகிறதே என்று நினைத்தேன்.

ஆகவே உலகம் என்பது பஸ் ஸ்டாண்டுகளின் வரிசை, ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டுக்கும் ஒரு தின்பண்டம் என்பது என் பூகோளம். அம்மா நாலாம் வகுப்பு டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "பால்கோவா இருக்கிற ஊரு" என்று எழுதி அவளிடமே கொட்டு வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெருவில் தின்பது பிடிக்காது. "ரோட்டுல நின்னு தின்னா ரோடும் சேந்து வயித்துக்குள்ள போகும்" என்பாள்.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன்: "நம்ம பஸ்சு போகாத ஊருல எல்லாம் என்னப்பா திம்பாங்க?"

"அதுக்குக் கப்பல்ல போகணும், அப்பு."

"கப்பல்ல கண்டக்டர் உண்டா?"

"எங்கயாச்சும் ஒருத்தன் டிக்கெட் கிழிச்சுத்தான் ஆகணும்."

அன்றிரவு முதல் எனக்குக் கப்பல் கனவு. கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் நிற்கும். நம்மூரில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் பஸ் ஜன்னலுக்கு நீட்டுவது மாதிரி, கரையிலிருந்து யார் யாரோ கூடைகளை நீட்டுவார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று பார்ப்பதற்குள் விடிந்துவிடும். கூடை மட்டும் வெதுவெதுப்பாகக் கையில் இருந்தது போலிருக்கும்.

3

வளர்ந்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு சூப்பர்வைசர் ஆனேன். மில் பஸ்ஸில் போவேன், மில் பஸ்ஸில் வருவேன். ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் ஒன்றாகச் சுழலும் இரைச்சலில் எனக்கு மட்டும் துறைமுகம் கேட்கும். இந்தோனேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் எங்கள் மில்லுக்கு வந்தார். எல்லோரும் அவரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் கேட்டது, தெருவில் என்ன விற்கும் என்று.

"ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சத்தம் இருக்கு தம்பி," என்றார். "ஒருத்தன் கிண்ணத்தைத் தட்டுவான், ஒருத்தன் கட்டையைத் தட்டுவான். வீட்டுக்குள்ள கண்ணை மூடிட்டுப் படுத்தாலும் என்ன பலகாரம் போகுதுன்னு தெரியும்."

மறுவாரமே விண்ணப்பம் போட்டேன். கோயம்புத்தூரில் நடந்த நேர்காணலில், புதிய இயந்திரங்களைக் கற்கும் ஆவல் என்றேன். வீட்டில், சம்பளம் கூட என்றேன். உண்மை அப்பாவுக்கு மட்டும் தெரியும். வேலை கிடைத்துவிட்டது. விசா மட்டும் மாதக்கணக்கில் வரவில்லை. கடைசியில், தொண்ணூற்றொன்பதின் மழைக்காலத்தில், வந்தது. நான் குதித்தேன். அம்மா நிதானமாக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பேப்பரு சும்மா வந்துச்சுன்னு நினைக்கிறியா?"

"தபால்ல வந்துச்சும்மா."

"அந்தோணியார் அனுப்புனாருலே. நான் நேந்துக்கிட்டேன்."

எனக்குக் கவலையில்லை. "என்ன, மொட்டையா?"

"உன் தலையில குடுக்குறதுக்கு என்ன இருக்கு? நீ போயிட்டுத் திரும்பி வந்து, திருவிழாவுல சப்பரத்துக்குத் தோள் குடுத்து, சர்க்கரைப் பொங்கல் வச்சு ஊருக்குக் குடுக்குறவரைக்கும் உன் வாயில இனிப்பே படாதுன்னு நேந்துட்டேன்."

முருங்கைக்கீரையும் முற்றமும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. ஒப்பந்தம் இரண்டு வருடம், நடுவில் விடுமுறை கிடையாது.

"ஏம்மா, காரத்தை நேந்திருக்கலாம்ல?"

"காரத்தை விட்டா உனக்கு என்ன வலிக்கப்போகுது? வலிக்காததைச் சாமிக்குக் குடுக்குறதுக்கு எதுக்குக் கோயிலுக்குப் போகணும்?"

"நேந்தது நீ. வாய் என்னுதும்மா."

"வாயைக் குடுத்தது யாரு?"

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டு குலுங்கியது. நேர்ந்துவிட்ட கிடாவாவது கோயிலைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கும். நேர்ந்துவிட்ட நாக்கோடு நான் கடல் கடந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அப்பா ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். "முறுக்குத்தான் அப்பு. பயப்படாமத் தின்னு."

4

வந்த முதல் மாலையிலேயே அந்த விசில் கேட்டது. யாரோ அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று பதறி வெளியே ஓடினேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து சின்ன விளக்கோடு ஒரு வண்டி வந்தது. ஆவி, வெல்லம், ஈர மூங்கில், ஏதோ ஒரு இலை எல்லாம் சேர்ந்த வாசனை. கனவில் நீட்டிய கூடைக்குள் இருந்தது இதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது.

வண்டிக்காரர் பெயர் தாதாங். 'மாங்' சேர்த்துச் சொல்ல வேண்டும், சித்தப்பா என்கிற மாதிரி. வழிகாட்டிப் புத்தகத்தில் படித்த இருபது சொற்களில், 'குலா' என்றால் சர்க்கரை என்பது எனக்குத் தெரியும். 'குலா வேண்டாம்' என்று கைகூப்பினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புட்டுக்கு வெல்லம் வேண்டாம் என்றவனை அவர் அதுவரை கண்டதில்லை. ஏதோ கேட்டார். புரியாததால் மரியாதையாகத் தலையாட்டினேன்.

சர்க்கரை வியாதியா என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து தெருவே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. பக்கத்து வீட்டம்மா ஒரு கொடியை வேகவைத்துக் கறுப்பாக ஒரு கசாயம் கொடுத்தனுப்பினார். அதன் கசப்புக்கு நம் நிலவேம்பு பாயசம். உண்மையை விளக்கும் அளவுக்கு எனக்குப் பாஷை வரவில்லை. வந்த பிறகோ, அத்தனை நாள் கொடுத்தவரின் மனசு நோகுமே என்று குடித்தேன். இனிப்புத் தின்ன வந்த இடத்தில் இரண்டு வருடம் கசாயம் குடித்தவன் திண்டுக்கல் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாங் தாதாங் மட்டும் தினமும் எனக்காக இரண்டு குழலில் வெல்லமில்லாமல் மாவு அடைப்பார். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுத் தருவார். தெருவோரம் நின்று தின்பேன். கண்ணை மூடினால் எங்கள் ஊர்ப் பக்கம் அகரத்தில் இருக்கும் சித்தி வீட்டு அடுப்படி. ஏழு கடல் தாண்டி வந்து குழாய்ப் புட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டெலிபோன் கடையிலிருந்து வீட்டுக்குப் பேசுவேன். வேலை, உடம்பு, மழை எல்லாம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு வழக்குகள் தொடங்கும்.

"அம்மா, இங்க வாழைப்பழத்துல பஜ்ஜி போடுறாங்க. அது இனிப்பா?"

"பழம் சாமி குடுத்தது. தின்னு. மேல சீனி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"தட்டிட்டுத் தின்னு."

இருமல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தேனுக்கு ஒரு வாரம் யோசித்து, பங்குச் சாமியாரையும் கேட்டு, கிடையாது என்றாள். டீக்கு வாதாடத் தேவையே இருக்கவில்லை. இந்த ஊரில் சோற்றுக்கடையில் உட்கார்ந்தால் சீனியில்லாத டீயைத் தண்ணீர் மாதிரி வைத்துவிடுகிறார்கள். எனக்கு முன்பே அந்தோணியார் வந்து ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்.

மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் வடைகள் இரண்டு வகை உண்டு இங்கே. ஒன்றுக்குள் காரம், இன்னொன்றுக்குள் வெல்லம். வெளியே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு நாள் மாறிவிட்டது. வாய்க்குள் வெல்லம் கொதித்துப் பாய்ந்தது.

"முழுங்கிட்டியா?" என்றாள் அம்மா. கொலைவழக்கு விசாரிக்கிற குரல்.

"பாதி."

"மீதி?"

"துப்பிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"...இருந்துச்சும்மா."

அம்மா "ரெண்டு மெழுகுதிரி ஏத்திரு" என்று தீர்ப்புச் சொன்னாள். "சரி, அது எப்பிடி இருந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லு."

அங்கேதான் எல்லாம் தொடங்கியது. நான் தின்ன முடியாதவற்றை ஒவ்வொரு வாரமும் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பனைவெல்லப் பாகில் மிதக்கும் பச்சைப் புழுப் புழுவான குளிர்பானம். கடைவாசலில் குலைகுலையாகத் தொங்கும், புளிக்கவைத்த கிழங்கு. ஆப்பத்துக்கு மேல் தேங்காய்ப்பாலும் பாகும். தெருவில் தின்பதை வாழ்நாள் முழுக்கத் திட்டியவள், "ம்... அப்புறம்?" என்பாள். மில் இரைச்சலில் நான் கனவு கண்டது போல, திண்டுக்கல்லில் கூடத்து நாற்காலியில், அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கனவு காண்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பேச்சை முடிக்கும்போது மறக்காமல் கேட்பாள்: "அந்தப் புட்டு வண்டிக்காரன் இன்னிக்கு வந்தானா?"

நோன்புப் பெருநாளுக்கு மாங் தாதாங் வீட்டுக்குக் கூப்பிட்டார். மேஜை முழுவதும் இனிப்பு. மூக்கு தின்றது, கண் தின்றது, கை மட்டும் மடியில் இருந்தது. தட்டுத்தடுமாறி உண்மையைச் சொன்னேன்: வியாதி இல்லை, அம்மா நேர்ந்துகொண்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் ஒரு மாதம், நீ இரண்டு வருடம். உன் அம்மா பெரிய ஆள்," என்றார். ஆனால் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவார் என்று எச்சரித்தார். கசாயம் தொடர்ந்தது.

6

இரண்டு வருடம் கழித்துத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன். கோயில் வளாகத்தில் அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். முதல் கவளத்தை அம்மா என் வாயில் ஊட்டினாள். இரண்டு வருடம் நினைத்து நினைத்து நான் செய்துவைத்திருந்த இனிப்பு ஒன்று மனசுக்குள் இருந்தது. அதற்கு இந்தப் பொங்கல் எட்டவில்லை. வெளியே சொல்லவில்லை, நாலு உருண்டை தின்றேன்.

மறுநாள், கொண்டுபோயிருந்த மூங்கில் குழல்களையும் பனைவெல்லத்தையும் எடுத்து, மாங் தாதாங் செய்வது போலவே அம்மாவுக்குச் செய்து கொடுத்தேன். இலைச்சாறுக்குப் பதில் கொஞ்சம் முருங்கைக்கீரையை அரைத்துவிட்டேன். அம்மா ஒரு துண்டைத் தின்றாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இது புட்டுடா," என்றாள். "இதுக்கா அம்புட்டுத் தூரம் போன?"

"அங்க வேற மாதிரி இருக்கும்மா."

"அப்ப அங்க போய்த்தான் தின்னணும்," என்றார் அப்பா. அம்மா மிச்சத்துக்கு வெஞ்சனமாகத் துவையல் கேட்டாள். முருங்கைக்கீரை போட்டதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த வருடமே வத்தலக்குண்டுப் பெண் ஜெயாவைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். இனி எதையும் தின்னலாம். மாங் தாதாங் எனக்கு வெல்லம் வைத்த முதல் புட்டை வண்டி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி எழுத மாட்டேன். எழுத முடிந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

7

எங்கள் மகள் செலினுக்கு இப்போது ஐந்து வயது. எண்ணுவதும் சண்டை போடுவதும் இந்த ஊர்ப் பாஷையில். தமிழ் அவளுக்குச் சோறு ஊட்டும்போது கேட்கும் சத்தம். கமர்கட்டு என்றால் ஏதோ வாகனம் என்று நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பத்தாவும் பேத்தியும் ஆளுக்கொரு பாஷையில் பேசி இருவரும் திருப்தியாக வைத்துவிடுவார்கள். அப்பா இறந்த பிறகு அம்மாவின் பேச்சு குறைந்துவிட்டது. "வாம்மா" என்றால், "வீட்டைப் பூட்டிட்டு எப்பிடி வாரது?" என்பாள். வழக்குகளும் இல்லை, தீர்ப்புகளும் இல்லை.

ஒரு மாலை செலின் பேசிக்கொண்டிருக்கும்போது விசில் கேட்டது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, தெருவை நோக்கி நீட்டினாள். வண்டி முழுவதும் கடந்து போகிறவரை நீட்டியே வைத்திருந்தாள். நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஏலே, குக்கரை அமத்து."

"குக்கர் இல்லம்மா. அவன்தான். புட்டு வண்டி."

விசில் மறுமுனைக்குப் போய்த் தேய்ந்தது.

"பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும்?" என்றாள் அம்மா.

வேண்டியது நிறைய இருந்தது. பிறந்ததற்குச் சான்று ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும். அதில் ஒரு பெயர், பள்ளிக்கூட வேலைக் காகிதத்தில் இன்னொரு பெயர். இரண்டும் ஒருத்திதான் என்று நிரூபிக்க நோட்டரி. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவளிடம் நாலாம் வகுப்புப் படித்தவர். எதற்காக வெளிநாடு என்று கேட்டிருக்கிறார். "புட்டு தின்ன" என்றிருக்கிறாள். டீச்சர் கிண்டல் செய்கிறார் என்று பயந்து, எழுதாமலே போய்விட்டார். அதோடு காகிதம் நின்றுபோனது. மாதங்கள் போயின. அம்மாவின் குரலில் பழைய சாவி திரும்பவும் கிலுகிலுக்க ஆரம்பித்தது. "எனக்கெதுக்குப்பா இந்த வயசுல. செத்த நேரம் ஆசைப்பட்டேன். விடு."

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை இங்குள்ள கோயிலில் அந்தோணியார் முன்னால் போய் நின்றேன். பழைய கணக்கைத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம்: அம்மா வந்து சேர்ந்தால் அவள் வாயில் இனிப்பே படாது. நினைத்தாலே இனித்தது. அந்தோணியார்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் வருவதே அதற்குத்தானே. வேறு வழியில்லை, வீட்டில் கைவசம் இருந்த ஒரே நேர்ந்து பழகிய நாக்கை மறுபடி நேர்ந்துவிட்டேன். அவள் இந்த மண்ணில் கால் வைத்த நிமிடம் முதல் இனிப்பைத் தொட மாட்டேன். எதுவரைக்கும் என்று ஒரு கெடுவும் சொன்னேன்.

ஜெயாவிடம் சொன்னதற்கு, "மொத்தக் குடும்பமும் இப்பிடித்தானா?" என்றாள். "எனக்கும் எம் பிள்ளைக்கும் வாய் வேணும். இப்பவே சொல்லிட்டேன்."

போலீஸ்காரர் மறுபடி வந்தார். இந்த முறை அம்மா, "மகனைப் பாக்க" என்று சொல்லித் தொலைத்தாள். பாஸ்போர்ட் வந்தது.

8

ஜகார்த்தா விமான நிலையத்திலிருந்து பண்டுங்குக்கு மலையேறும் வழியெல்லாம் அம்மா தூங்கவில்லை. தேயிலைத் தோட்டம் வந்தபோது, "கொடைக்கானல் மாதிரித்தான் இருக்கு" என்றாள். அது பாராட்டா குறையா தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜன்னலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மழை தூறி நின்றிருந்தது. தெரு முழுக்கப் பனி. இன்றைக்கென்று பார்த்து மாங் தாதாங் வராமல் இருந்துவிடுவாரோ என்று நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

விசில் கேட்டது.

"ஏலே, செருப்பு எங்கடா?"

எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். மாங் தாதாங் விஷயம் தெரிந்தவர்; தலை குனிந்து கும்பிட்டு, தன் முக்காலியைத் துடைத்துப் போட்டார். தெருவோரத்தில், ரோட்டை ஒட்டி, என் அம்மா உட்கார்ந்தாள். ஆவி அவள் கண்ணாடியை மூடியது. அவள் துடைக்கவில்லை. வாழையிலையைக் கையில் வாங்கி, ஒன்றைக் கடித்து, உள்ளே வெல்லம் உடைந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது எந்தத் துறைமுகம் என்று எனக்குத் தெரியும்.

"இது புட்டு இல்லலே," என்றாள் கடைசியில்.

"அப்பத்தா, ஏனாக்?" என்று செலின் அவள் முட்டியைப் பிடித்து ஆட்டினாள்.

"என்னடா கேக்குறா?"

"நல்லாருக்கான்னு."

"ஏனாக்குடி தங்கம். ரொம்ப ஏனாக்கு." இரண்டாவதை எடுத்தாள். அப்போதுதான் என் வெறுங்கையைப் பார்த்தாள். "நீ தின்னலையா?"

"வேணாம்மா."

கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, தப்புக் கணக்குப் போட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நேந்துக்கிட்டியா?"

"ம்."

"யார் வாயை?"

"என் வாயைத்தான்."

"எதுவரைக்கும்?"

"நீ பத்திரமா ஊரு போய்ச் சேர்ற வரைக்கும்."

அம்மா இலையில் ஒட்டியிருந்த வெல்லத்தை ஒரு விரலால் வழித்து நிதானமாக நக்கினாள். பிறகு மாங் தாதாங்கைப் பார்த்து, இன்னும் மூன்று என்று விரல்களை உயர்த்தினாள்.

"வீட்டுச் சாவியை அகரத்துச் சித்திகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள். "நீ ரொம்ப நாளைக்கு இனிப்பை மறந்துர வேண்டியதுதான், அப்பு."